நோர்பரி வழியாக ஒசாகா

தம்பி,

நீ மேலே உன் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் கீழே குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற என்னை உன் அம்மா ஒரு மாதிரிப் பார்க்கிறாள். "ஏன், உங்களுக்கு வாய் இல்லையோ? மேல போய்ச் சொல்லுங்கோவன்" என்கிறாள். வாய் இருக்கிறது. அதுதான் சிக்கல். அந்த வாயால் இதைப் பேசத் தொடங்கினால் இரண்டாவது வசனத்தில் நான் சத்தம் போடுவேன், மூன்றாவது வசனத்தில் நீ "ஓகே அப்பா" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டுவாய். நீ வளர்ந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் இப்படித்தான் கதைத்து முடித்திருக்கிறோம். ஆகவே எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், நேரம் எடுக்கும். எடுக்கட்டும். விமானம் வெள்ளிக்கிழமைதானே. வாசித்த பிறகு நீ யாருக்கும் காட்டலாம், எனக்கு வெட்கமில்லை. எங்கள் ஆட்களில் இன்னும் எத்தனையோ வீட்டுக்கு இது பொருந்தும்.

நேற்று நீ போட்ட படத்தைப் பற்றித்தான் பேச்சு. "நான் போற ஊரைக் காட்டுறன், வாங்கோ அப்பா" என்று கூப்பிட்டாய். நானும் மின்னல் வேக ரயில், பூத்துக் குலுங்கும் மரங்கள், மினுமினுக்கும் கட்டடங்கள் என்று எதிர்பார்த்து வந்து சோபாவில் குந்தினேன். நீ போட்டது கறுப்பு வெள்ளைப் படம். அதிலும் குண்டு விழுந்து தரைமட்டமான ஊர். "இதையோ பாக்கப் போறாய்? இதைப் பாக்க ஒசாகாவுக்கு ஏன் போகோணும், என்னட்டைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பன்" என்றேன். "கிளாசிக் அப்பா, போர் முடிஞ்ச நேரத்துக் கதை, சும்மா இருந்து பாருங்கோ" என்றாய். பாட்டில்லை, சண்டையில்லை, கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை நான் பாதி வாசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. வழமைபோல் பத்து நிமிடத்தில் குறட்டை விட்டிருக்க வேண்டியவன். கூரையில்லாத வீட்டுக்குள் ஒருத்தி அடுப்பு மூட்டுவதைக் காட்டினார்கள். அதோடு என் நித்திரை போய்விட்டது.

இரண்டு பையன்கள். ஒருவன் முடிவெட்டுகிறவரின் மகன், கடையில் ஒரேயொரு கதிரை. மற்றவன் எரிந்துபோன ஒரு களஞ்சியத்தின் மூலையில் தாயோடு இருக்கிறான். தகப்பன் போருக்குப் போனவர், இன்னும் திரும்பவில்லை. ரயில்பாதை ஓரமாக உதிர்ந்து கிடக்கும் கரியைப் பொறுக்குகிற இடத்தில் இருவரும் சிநேகமாகிறார்கள். போர்வீரர்களை ஏற்றிக்கொண்டு கப்பல் வருகிற நாட்களில் தகப்பனின் பெயரை எழுதிய பலகையோடு அந்தப் பையன் துறைமுகத்துக்குப் போவான். முடிவெட்டுகிறவரின் மகனும் கூடப் போய்ப் பலகையின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொள்வான். எலும்பும் தோலுமாக ஆட்கள் இறங்கி வருவார்கள், பலகையைப் பாராமல் கடந்து போவார்கள். ஒரு தடவை ஒருவர் மட்டும் நின்று, பெயரை வாசித்து, பையன்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்த இடத்தில்தான் நீ எழும்பிப் போனாய்.

தேத்தண்ணி போடப் போகிறாய் என்று நினைத்தேன். குசினியில் தண்ணீர்க் குழாய் வெகுநேரம் திறந்தபடி கிடந்தது. பிறகு வெறுங்கையோடு வந்து, எங்களைப் பாராமல் நேரே மேலே போய்விட்டாய். அம்மா என்னைப் பார்த்தாள், நான் டிவியைப் பார்த்தேன். அவளுக்கும் விளங்கிவிட்டது, எனக்கும் விளங்கிவிட்டது. இந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு மேலாக நிலவனின் பெயரை யாரும் சொல்வதில்லை. நீ சொல்வதில்லை என்பதற்காக நாங்களும் சொல்வதில்லை. இனி நான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்.

நிலவன் உன் வகுப்புக்கு ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவன். ஊரில் போர் முடிந்து ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. நாங்கள் அந்தச் செய்திகளை லண்டனில், இந்தக் கோலியர்ஸ் வுட் வீட்டில் இருந்து டிவியில் பார்த்து அழுதவர்கள். அவன் அதற்குள் இருந்து வந்தவன். முதல் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து, "அப்பா, புதுசா ஒரு பெடியன் வந்திருக்கிறான், டமில், ஆனா ஒண்டும் கதைக்கிறானில்லை" என்றாய். அவனுக்கு இங்கிலிஷ் வராது, உனக்குத் தமிழ் அரைகுறை. டீச்சர் உன்னைக் கூப்பிட்டு அவனுக்குப் பக்கத்தில் இருத்தியிருக்கிறார், நீ மொழிபெயர்ப்பாய் என்று நம்பி. நீ மொழிபெயர்த்த இலட்சணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. "டீச்சர் ஆங்ரி, நீ குந்து" என்றாயாம். அவன் பயந்துபோய் மேசைக்குக் கீழே குந்திவிட்டானாம்.

அவர்கள் நோர்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒற்றை அறையில் இருந்தார்கள், அவனும் தாய் வதனியும். அந்த வீட்டில் இன்னும் மூன்று குடும்பம், எல்லோருக்கும் ஒரே குசினி. அகதிக் கேஸ் முடிவாகும் வரை வதனிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எங்கள் ஊர்ப் போர் முடிந்துவிட்டது என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வறுமை லண்டனில், எங்களிடமிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்தது. அவனுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போட ஒரேயொரு கம்பளி ஜம்பர்தான். தாய் இரவில் தோய்த்து ஹீட்டரில் போடுவாள். அந்த வீட்டில் ஹீட்டர் நினைத்தால் வேலை செய்யும், நினைத்தால் நின்றுவிடும். ஈரம் காயாத ஜம்பரோடு பிள்ளை பள்ளிக்கூடம் வந்துவிடுவான். இதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், நீ ஜம்பரைத் தொலைத்துவிட்டு வருகிறாய் என்பதுதான்.

முதல் தடவை தொலைத்தபோது பேச்சு விழுந்தது. இரண்டாம் தடவை பேச்சோடு ஒரு அடியும் விழுந்தது. பிறகு குளிர்கோட்டும் காணாமல் போனது. "கோட்டைத் தொலைக்கிறதெண்டால் அதுக்குத் தனித் திறமை வேணுமடா" என்று நான் குதித்த குதி உனக்கு நினைவிருக்கும். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து உன்னைக் கூட்டிவரப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தேன். பெற்றோல் நிலைய உடுப்போடு நின்ற என்னைக் கடந்து ஒரு சின்னப் பையன் போனான். கோட்டின் கழுத்துப்பட்டி மடிந்து கிடந்தது, அதிலே அம்மா கையால் தைத்த உன் பெயர். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். நான் கோட்டைப் பார்ப்பதைக் கண்டுகொண்டான். அந்த இடத்திலேயே பட்டனைக் கழற்றத் தொடங்கினான் தம்பி, அந்தக் குளிரில். "வேண்டாம் அப்பு, போட்டிரு" என்று கையால் காட்டினேன். அந்த வருடத்திலிருந்து அம்மா எல்லாவற்றிலும் இரண்டு வாங்கினாள். ஒன்றில் உன் பெயர், மற்றதில் அவன் பெயர். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது சரியாகத்தான் இருந்தது.

பிறகு அவன் எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். "சாப்பிடுறியோ?" என்று கேட்டால் "பசிக்கேல்லை அன்ரி" என்பான். அம்மா கேட்பதை விட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து முன்னால் வைக்கத் தொடங்கினாள். வைத்தால் சாப்பிடுவான், ஆனால் பாதியைத் தாய்க்கென்று ஒதுக்குவான். அம்மா தாய்க்கு வேறாகக் கட்டி வைத்திருப்பதைக் காட்டின பிறகுதான் மிச்சம் உள்ளே போகும். இப்படி எத்தனையோ. ஆனால் நான் சாகும்வரை மறக்காதது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வருகிற ஹெலிகொப்டர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு மேலாகத் தாழப் பறந்தது. நீங்கள் இருவரும் இதே மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தீர்கள். கண் மூடித் திறப்பதற்குள் அவன் மேசைக்குக் கீழே போய்விட்டான், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வளர்ந்த மனிதன், நான் மரம் மாதிரி நின்றேன். நீ கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நீயும் கீழே போனாய். ஹெலி போன பிறகும் நீங்கள் வெளியே வரவில்லை. மிச்சக் கணக்கையெல்லாம் அங்கேயே இருந்து செய்து முடித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது.

அந்த மேசைக்குக் கீழேதான் நீ அவனுக்கு இங்கிலிஷ் படிப்பித்தாய், அவன் உனக்குத் தமிழ் படிப்பித்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் கட்டிய காசெல்லாம் வீண், நீ இன்றைக்கு இதை வாசிக்கிறாய் என்றால் அது நிலவன் போட்ட பிச்சை. இரண்டே வருடத்தில் அவன் உன்னைவிட வேகமாக இங்கிலிஷ் கதைத்தான். பிறகு உங்கள் இருவருக்கும் ஒரு தனி மொழி வந்துவிட்டது. பாதி வசனத்தில் மற்றவன் சிரித்துவிடுவான். நாங்கள் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து விழித்துக்கொண்டிருப்போம்.

ஏன் நீ அந்தத் துறைமுகக் காட்சியில் எழும்பிப் போனாய் என்பதற்கு வருகிறேன். போரின் கடைசி நாளில் சனத்தோடு சனமாக இராணுவப் பக்கம் வந்தபோது நிலவனின் தகப்பனை ஒரு வரிசைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "பேரைப் பதிஞ்சிட்டு வாறன், பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு இதிலயே நில்" என்று வதனியிடம் சொல்லிவிட்டுப் போனவர். அவ்வளவுதான். இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை. வதனி இன்றுவரைக்கும் பொட்டு வைக்கிறாள். கோயிலில் சில பேர் அதைப் பற்றிக் கதைத்தார்கள், பிறகு கதைத்துக் களைத்துவிட்டார்கள். காணாமல் போனவர்களுக்காக வெஸ்ட்மின்ஸ்டரில் எங்கள் ஆட்கள் கூடும் நாட்களில் அவள் கணவனின் படத்தைப் பெரிதாக்கி மட்டையில் ஒட்டிக் கொண்டுபோவாள். காற்றுக்கு அந்த மட்டை நிற்காது. ஒரு பக்கத்தை நிலவன் பிடிப்பான். மற்றப் பக்கத்தை நீ பிடித்தாய். முகம் தெரியாத ஒரு மனிதனின் படத்தை, பஸ்ஸில் போகிற வெள்ளைக்காரர்கள் பார்க்கப் பார்க்க, மழைக்குள் நின்று பிடித்தாய். அப்போது உனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். "குளிர் பிடிக்கப்போகுது, ஏன்ரா உனக்கு இந்த வேலை" என்று நான் கேட்டதற்கு, "மற்றப் பக்கத்தை வேற ஆர் பிடிக்கிறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாய்.

பிறகு அவர்களுக்கும் விடிந்தது. விசா கிடைத்தது, கவுன்சில் இரண்டு அறை வீடு கொடுத்தது, வதனி ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள், நிலவன் எலக்ட்ரீஷியன் வேலை படித்து நன்றாக உழைக்கத் தொடங்கினான். எங்கள் வீட்டு மணியைக்கூட அவன்தான் திருத்தினான். இனி அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். ஒரு காலைநேரம் வேலைக்குப் போக பஸ் தரிப்பில் நின்றவன் அப்படியே விழுந்தான். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். இருபத்துமூன்று வயது. ஷெல்லுக்கும் பசிக்கும் தப்பி வந்த பிள்ளை, நோர்பரியில், ஒரு குண்டும் விழாத தெருவில் விழுந்து செத்தான். இதற்கு யாரைக் குறை சொல்வது? கடவுளைச் சொல்லலாம் என்றால், நான் அவரோடு கதைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இப்போது அந்தச் செத்தவீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் முடிந்து, எரித்துவிட்டு வந்து, வீட்டில் சனம் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொன்றாக எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போவதில்லை. பேசாமல் எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் போய்விடுவது. "வாறன்" என்று சொன்னால் இன்னொரு தடவை இப்படி ஒரு சாவுக்கு அந்த வீட்டுக்கு வரவேண்டி வந்துவிடும் என்று ஒரு பயம். இதை நான் உனக்குச் சொல்லித் தந்ததே இல்லை. இங்கே பிறந்த பிள்ளை, இவனுக்கு எதற்கு இந்தச் சங்கதி என்று விட்டுவிட்டேன். நீ உனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தாய். வதனியின் முன்னால் முழங்காலில் குந்தி, அவள் கையைப் பிடித்து, "போயிட்டு வாறன் அன்ரி" என்றாய். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் பாய்ந்து விழுந்தார். "செத்தவீட்டில வாறன் எண்டு சொல்லுறதோ? இன்னுமொரு சாவு விழோணுமோ இந்த வீட்டில? தமிழ்ப் பிள்ளையளை வளத்து வைச்சிருக்கிற வடிவைப் பார்!" வீடு முழுக்கக் கேட்டது. நீ அந்தப் பெரியவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் இறங்கிப் போனாய்.

அதற்குப் பிறகு நீ அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரவில்லை. ஆண்டுத் திவசத்துக்கும் வரவில்லை. ஒருமுறை வேலை என்றாய், ஒருமுறை காய்ச்சல் என்றாய். நீ பயப்படுகிறாய் என்பது எனக்குத் தெரியும். உன் வாயால் அந்த வீட்டுக்கு ஒரு கெட்டது நடந்துவிடும் என்று உள்ளுக்குள் பயப்படுகிறாய். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை, இதையெல்லாம் நம்பமாட்டாய்தான். நம்பாவிட்டாலும் பயம் பயம்தானே. இன்னொரு பயமும் இருக்கிறது. தன் பிள்ளையின் வயதில் நீ உயிரோடு போய் முன்னால் நின்றால் அந்தத் தாயின் நெஞ்சு வெடித்துவிடுமே என்ற பயம். நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு பூங்கொத்தோடு எப்போதோ போய்வந்து வேலையை முடித்திருப்பாய்.

போன கிழமை நானும் அம்மாவும் வதனியிடம் போனோம். நீ ஒசாகாவுக்கு வேலையாகப் போகிறாய் என்பதை மற்றவர்கள் வாயால் அவள் கேள்விப்படக் கூடாது என்று அம்மா சொன்னாள். சொன்னோம். "நல்லது. நல்லா வரட்டும்" என்றாள். பிறகு, "அண்ணை, தம்பிக்கு என்னோட ஏதும் கோவமோ?" என்று கேட்டாள்.

"சீச்சீ, என்ன கதை இது வதனி. அண்டைக்கு அந்த மனிசன் பேசினதில பெடியன் உடைஞ்சு போனான். அதுதான்."

"அவர் கிடக்கிறார், விடுங்கோ. அண்டைக்கு எல்லாரும் ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி எழும்பிப் போச்சினம். அதுதான் முறை, எனக்கும் தெரியும். ஆனா வீடு வெறிச்சுப் போகப் போக எனக்கு மூச்சு முட்டினது அண்ணை. உங்கட பிள்ளை ஒருத்தன்தான் வாறன் எண்டு சொன்னவன். இப்பவும் ஞாயிற்றுக்கிழமையில ஒரு சுண்டு அரிசி கூடப் போடுறன், வந்தாலும் எண்டு."

அம்மா அழத் தொடங்கிவிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். உனக்கு விளங்குகிறதா தம்பி? "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போன ஒருவருக்காக அவள் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் காத்துக்கொண்டிருக்கிறாள். அந்த மனிதனால் வரமுடியவில்லை, அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. உன்னால் வரமுடியும். எங்கள் வாசலில் இருந்து ஒரு பஸ்.

நீ பார்க்காமல் விட்ட படத்தின் முடிவை இப்போது சொல்கிறேன். அந்தத் தாய்க்கு வேறு ஊரில் சுரங்கத்தில் வேலை கிடைக்கிறது. ஒரு விடியற்காலை பையனையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். கொஞ்ச நாளில் இன்னொரு கப்பல் வருகிறது. முடிவெட்டுகிறவரின் மகன் களஞ்சியத்துக்குப் போய், அவர்கள் விட்டுப்போன பலகையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குத் தனியாகப் போகிறான். பலகை பெரிது, ஆள் சின்னது. இரண்டு கையையும் அகட்டி நடுவில் நின்று பிடிக்கிறான். ஆட்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அதோடு படம் முடிந்துவிட்டது. தகப்பன் வந்தாரா இல்லையா என்று காட்டவே இல்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, இவ்வளவு நேரம் இருத்தி வைத்துவிட்டு இப்படியா முடிப்பது என்று. பிறகு மாடிப்படியில் விழுந்திருந்த உன் அறை வெளிச்சம் அணைவதைப் பார்த்தேன். சிநேகிதன் இல்லாமல் போன பிறகும் ஒரு பக்கத்தைப் பிடிக்கிற வேலை மிச்சம் இருக்கத்தான் செய்கிறது என்று அந்தச் சின்னவனுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கும் ஒரு காலம் தெரிந்திருந்தது.

போய் என்ன கதைப்பது என்று கேட்பாய். அதைத்தான் சொல்ல இவ்வளவும் எழுதினேன். நாங்கள் வெளிக்கிடும் நேரம் வதனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இன்னொன்று சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "நிலவன் உங்கட தம்பியோட போனில கதைக்கேக்க வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிப்பான் அண்ணை. கண்ணால தண்ணி வரச் சிரிப்பான். எல்லாம் இங்கிலிசு. எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. நான் குசினிக்குள்ள நிண்டு நானும் சேர்ந்து சிரிப்பன், என்னத்துக்கு எண்டு தெரியாமலே. என்னோட கதைக்கேக்க அவன் கிழவன் மாதிரி. வாடகை கட்டியாச்சோ, விசா லெட்டர் வந்ததோ, மருந்து போட்டீங்களோ. பத்து வயசில இருந்தே அப்பிடித்தான். சிரிக்கிற பிள்ளை உங்கட தம்பியிட்டைத்தான் இருந்தது. என்ரை பிள்ளை என்னத்துக்கு அப்பிடிச் சிரிச்சவன் எண்டு ஒருக்கா ஆறுதலாக் கேப்பம் எண்டு விட்டிட்டன். இனி ஆரைக் கேக்கிறது?"

தம்பி, எனக்கும் தெரியாது. இந்த உலகத்தில் அது உனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் நீ ஆறுதல் சொல்லப் போகவேண்டாம், ஆறுதல் சொல்ல அவளுக்கு ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. பழம் வாங்கிக்கொண்டு போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். பகிடி சொல்லு. அவன் உங்கள் தலைமை ஆசிரியரைப் போல நடந்து காட்டுவானாமே, அதை நடந்து காட்டு. பஸ்ஸுக்குள் என்ன செய்து இறக்கிவிடப்பட்டீர்கள் என்று சொல்லு. எனக்கு இருவரும் சேர்ந்து ஒரு பட்டம் வைத்திருந்தீர்கள், அது என்னவென்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது, அதையும் அவளுக்குச் சொல்லு. இங்கிலிஷ் பகிடியைத் தமிழில் சொன்னால் சப்பென்று போய்விடும் என்பாய். போகட்டும். ஒரு பகிடிக்கு அரைமணித்தியாலம் விளக்கம் கொடுக்க வேண்டி வரலாம். கொடு. நீ ஒசாகாவில் இறங்கினால் உனக்கும் முதல் ஆறு மாதம் மற்றவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல்தான் இருக்கும். அவள் தன் சொந்த வீட்டுக்குள், தன் ஒரே பிள்ளைக்குப் பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படி இருந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. காரில் கொண்டுபோய் வாசலில் விடுகிறேன், நான் உள்ளே வரவில்லை, நான் வந்தால் நீ வாய் திறக்கமாட்டாய். எவ்வளவு நேரமானாலும் தெருவில் நிற்பேன், பார்க்கிங் டிக்கெட் விழுந்தாலும் விழட்டும். அவள் சிரிப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். அழக்கூடும், நீயும் அழக்கூடும், ஓரிடத்தில் உனக்குத் தமிழ் கைவிட்டு நீ இங்கிலிஷில் சொல்லவேண்டி வரும், அவளும் விளங்கினது போலத் தலையாட்டுவாள். அப்படியே விடாதே, திரும்பச் சொல்லு, விளங்கும்வரை சொல்லு. அவள் பெற்ற பிள்ளையில் பாதி உன்னிடம் இருக்கிறது. அதையும் கொண்டு விமானம் ஏறிவிடாதே.

அப்பா